தீப்பெட்டிப் படமும் பற்றும்



2025 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், புத்தலப்பட்டில் நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்து, வந்தவர்கள் திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். பெங்களூரில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், விடுமுறைக்கு ஊர் வந்தவர், என்னருகில் அமர்ந்து தம் கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டினார். அமெரிக்க நாட்டில் உள்ளங்கை அளவுள்ள ஓர் அட்டை 1 கோடியே 29 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்றாம். நம் நாட்டுப் பணத்தில் நூறு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை. மைக்கேல் ஜோர்டன், கோபி பிரையன்ட் என்னும் இரு கூடைப்பந்து வீரர்களின் படமும் கையெழுத்தும், அவர்கள் ஆட்டச் சட்டைகளினின்று எடுத்த துணித் துண்டுகளும் பதிக்கப்பெற்ற அட்டை அது. அவ்விருவருள் பிரையன்ட் 2020 ஜனவரியில் ஹெலிகாப்டர் விபத்தில் மாண்டுபோனார்.

செய்தியைக் காட்டிவிட்டு அவ்விளைஞர் கேட்ட கேள்வி இது: "ஐயா, நானும் பள்ளிக்கூட நாளிலிருந்து இந்தக் கூடைப்பந்துக் கார்டுகளைச் சேர்த்து வருகிறேன். விலையுயர்ந்தவை அல்ல. அறுநூறு இருக்கும். சம்பளம் வந்ததும் மாதம் ஒன்றோ இரண்டோ வாங்குவேன். பஞ்சசீலம் ஏற்றவன் இப்படிச் சேர்த்து வைக்கலாமா? இதுவும் பற்றுத்தானே?"

இக்கேள்விக்கு விடை என் நாவின் நுனியில் இருந்தது. பற்றே துன்பத்துக்குக் காரணம், சேர்ப்பது பற்று, ஆகவே விட்டுவிடுக. மூன்று வாக்கியத்தில் முடிந்துவிடும். ஆயினும் நான் வாய் திறக்கவில்லை. இதே கேள்விக்கு இதே விடையைப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்குச் சொல்லிவிட்டேன். அதனால் நேர்ந்ததை இதுவரை எந்த மேடையிலும் நான் கூறியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் நூற்பாலைத் தொழிலாளியாக இருபத்தோராண்டுகள் உழைத்தவன் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். 1988 இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ரிங் ஃபிரேம் பகுதியில் சைடராக இருந்த அண்ணன் ஒருவரிடந்தான் என்னை வேலை பழக விட்டனர். அறுந்த இழையை ஓடும் கதிரில் ஒட்டும் வித்தையை என் விரல்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். பெரும்பாலும் இரவு ஷிப்டுத்தான் அவருக்கு. முப்பத்தோராண்டு வேலையில் பாதிக்கு மேல் இரவிலேயே கழித்தார்.

பஞ்சும் நெருப்பும் ஒரு கூரையின்கீழ் இருத்தல் கூடாது. ஆதலால் ஆலை வாயிலில் காவலாளி ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து, பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொள்வார். வேலை விட்டுச் செல்லும்போது பலர் அவற்றைக் கேட்டு வாங்குவதில்லை. மாதக் கடைசியில் ஒரு தகர டப்பா நிறையத் தீப்பெட்டி சேர்ந்திருக்கும். நம் அண்ணன் அவற்றில் காலிப் பெட்டிகளைப் பொறுக்கிக்கொள்வார். பீடி குடிக்காதவருக்குத் தீப்பெட்டி எதற்கு என்று புதியவர்கள் நகைப்பார்கள். அவர் வேண்டியது பெட்டியன்று, அதன்மேல் ஒட்டிய படம்.

அக்காலத்துப் பெட்டி மெல்லிய மரச்சீவலால் ஆனது. மேலே அச்சிட்ட காகிதத்தைப் பசையிட்டு ஒட்டியிருப்பார்கள். இன்று பெட்டியே அட்டை, அதன்மேலேயே அச்சு. மரப்பெட்டியை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் மிதக்கவிட்டால் படம் தானாகக் கழன்று வரும், இழுத்தால் கிழியும். கழன்ற படத்தை முகம் மேலிருக்கத் துணியில் பரப்பி, ஈரம் வற்றியபின் பழைய பஞ்சாங்கத்துக்குள் வைத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றிவிடுவார். பிறகு சோற்றுக் கஞ்சியை மூலையில் மட்டும் தொட்டுக் கணக்கு நோட்டுகளில் ஒட்டுவார். முழுதும் பூசினால் பூச்சி அரிக்குமாம். மான், மயில், சேவல், சாவி, கத்தரிக்கோல், குத்துவிளக்கு, சினிமா நடிகை, இராட்டை, விமானம் எனப் பதினோரு நோட்டுகளில் நாலாயிரத்துக்கு மேல் அவரிடம் இருந்தன. கடையில் வாங்கியது ஒன்றுமில்லை. ஆலை வாயிலிலும், தேநீர்க் கடையிலும், பேருந்து நிலையத்திலும், சித்தூர் திருப்பதிச் சாலையோரங்களிலும் குனிந்து எடுத்தவையே அத்தனையும்.

நான் 2009 இல் வேலையை விட்டுத் தம்மப் பிரசாரத்தில் இறங்கினேன். அண்ணன் அதற்கு மூன்றாண்டு முன்பே ஓய்வு பெற்றுப் புத்தலப்பட்டுக்கு அருகிலுள்ள தம் ஊருக்கு வந்துவிட்டார். என்மேலுள்ள அன்பினாலேயே கூட்டங்களுக்கு வரத் தொடங்கிப் பின்பு சீலமும் ஏற்றார். அன்றுமுதல் என்னைத் 'தம்பி' என்று அழைப்பதை விட்டு 'ஐயா' என்றார். வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, எனக்கு அது இனித்தது.

2012 இல் ஒரு பௌர்ணமிக் கூட்டத்தில் கயாசீசத்தில் பகவன் நிகழ்த்திய நெருப்புப் பேருரையைப் பற்றி நான் பேசினேன். கண் எரிகின்றது, காண்பன எரிகின்றன என விரித்துக்கொண்டே வந்தவன், முன்வரிசையில் அமர்ந்திருந்த அண்ணனைக் கண்டதும் எடுத்துக்காட்டு கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில், "நம்முள் ஒருவர் தீப்பெட்டியின் படத்தையே நாற்பது ஆண்டு சேர்த்து வைத்திருக்கிறார், நெருப்பைச் சேர்ப்பவருக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தனர். அவரும் சிரித்தார். கூட்டம் முடிந்ததும் தனியே வந்து, "ஐயா, மெய்யாகவே அது பற்றா?" என்று கேட்டார். "ஐயமென்ன?" என்றேன்.

மறுவாரம் வந்து நாற்பத்து நான்கு ரூபாயைச் சங்கத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். பதினோரு நோட்டுகளும் பழைய காகிதக் கடையில் ஐந்தரைக் கிலோ தேறினவாம். கிலோ எட்டு ரூபாய். நன்கொடைச் சீட்டை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அன்றிரவு நான் மிக்க நிறைவோடு உறங்கினேன் என்பதையும் மறைக்கமாட்டேன்.

ஏறக்குறைய இரண்டாண்டு கழித்து, மாங்காய்ப் பருவத்தில், மாங்கூழ்த் தொழிற்சாலை வாயில்களில் கிளிமூக்கு மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாளில், அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தோட்டத்தில் இருந்தார். அண்ணி எனக்கு மோர் கொடுத்துவிட்டு, முகத்தைப் பாராமல் சொன்னார்: "தம்பி, உங்க அண்ணனுக்கு ராத்திரியில தூக்கம் கிடையாது. ஆலையில முழிச்சு முழிச்சுப் பழகின உடம்பு. முன்னே எல்லாம் விளக்கைப் போட்டுக்கிட்டு அந்த நோட்டைப் புரட்டிக்கிட்டு இருப்பாரு. இப்போ சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அது தப்புன்னு நீங்க சொன்னீங்களாமே?"

அம்மோர் என் தொண்டையில் இறங்கவில்லை.

அன்று தொடங்கி நான் இதனை எண்ணி வருகிறேன். சேர்த்தல் என்பது யாது? பற்று என்பது யாது? இரண்டும் ஒன்றா?

பன்னிரு நிதானங்களை மணிமேகலை தமிழில் பெயரிட்டுச் சொல்லியிருப்பது நம் பெரும் பேறு. அவ்வரிசையில் நுகர்வு ஒன்று, வேட்கை அடுத்தது, பற்று அதற்கும் அடுத்தது. மூன்றும் ஒரே பொருளாயின் மூன்று பெயர் எதற்கு? கண்ணுக்கு இனிய படத்தைக் காண்கையில் எழும் இனிமை நுகர்வு. அது கண்ணுள்ள எவருக்கும் உண்டு, அருகதருக்கும் உண்டு. இன்னும் வேண்டும் என்று நெஞ்சு தாவுவது வேட்கை. இது என்னுடையது, இதுவே நான், இஃதின்றேல் நானில்லை என்று பிடித்துக்கொள்வது பற்று. நுகர்விலிருந்து வேட்கைக்கு வழி உண்டு என்பது மெய். வழி உண்டென்பதனால் வழியில் நிற்பவன் எல்லாம் ஊர் சேர்ந்துவிட்டவன் ஆகான். நானோ இனிமையைக் கண்ட இடத்திலெல்லாம் பற்றென்று முத்திரை குத்தினேன்.

சங்யுத்த நிகாயத்தில் ராதர் என்னும் பிக்குவுக்குப் பகவன் கூறிய உவமை ஒன்றுண்டு. சிறுவரும் சிறுமியரும் மண்வீடு கட்டி விளையாடுகின்றனர். அவ்வீட்டின்மேல் விருப்பம் உள்ளவரை அதனைப் பேணுகின்றனர், என்னுடையது என்கின்றனர். விருப்பம் நீங்கியதும் தாமே கையாலும் காலாலும் சிதைத்து விளையாட்டை முடிக்கின்றனர். இதனைப் பலமுறை மேடையில் சொல்லியிருக்கிறேன். சொன்னபோதெல்லாம் ஒன்றைக் கவனியாமற் போனேன். அங்கே விருப்பம் முதலில் நீங்குகிறது. வீடு பின்னர்ச் சிதைகிறது. சிதைப்பதும் கட்டிய பிள்ளைகளின் கைகளே. நானோ மற்றொருவர் கட்டிய வீட்டை என் காலால் எற்றினேன். விருப்பம் அவருள் இருந்தபடியே இருந்தது, பொருள்தான் போயிற்று. துறவு என்று எண்ணி ஓர் இழப்பை அவர்மேல் சுமத்தினேன்.

அடுத்து எழுவது இன்னும் கசப்பானது. அந்நாளில் என் மேசையில் சிவப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. என் கையால் சீலம் ஏற்றவர்களின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை வரிசை எண்ணிட்டு அதில் எழுதி வந்தேன். பயணம் போகுமிடமெல்லாம் அதுவும் வரும். இரவில் எண்ணிப் பார்ப்பேன். ஒரு பெயர் கூடினால் உவகை. வந்தவர் கூட்டத்துக்கு வராமல் நின்றுவிட்டால் அந்தப் பெயரைக் கண்டு எரிச்சல். பிற பிரசாரகர் ஒருவர் தம் கணக்கைச் சொன்னால் என் கணக்கை உயர்த்திச் சொல்ல நா துடிக்கும். அண்ணன் காகிதத்தைச் சேர்த்தார். நான் மனிதரைச் சேர்த்தேன். எவருடையது பற்று? அவருடைய நோட்டுகளைக் காகிதக் கடைக்கு அனுப்பியவன், என் நோட்டுக்குப் புதிய உறை போட்டுக்கொண்டிருந்தேன்.

இனி அந்த அமெரிக்கச் சீட்டுகளைப் பற்றி, இளைஞர் சொல்லக் கேட்டும் படித்தும் அறிந்ததைச் சிறிது கூறுவேன். அதில் நமக்கு எச்சரிக்கையும் உண்டு, ஆறுதலும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சிகரெட்டு உறை நசுங்காமலிருக்க உள்ளே ஒரு தடித்த அட்டை வைத்தார்கள். வெற்று அட்டையை வைப்பானேன் என்று அதில் படம் அச்சிட்டனர். நடிகையர், பறவைகள், கொடிகள், பின்பு பேஸ்பால் ஆட்டக்காரர்கள். ஒருவன் ஒரு படத்தைப் பெற்றால் மற்றதையும் விரும்புவான். மீண்டும் அதே சிகரெட்டை வாங்குவான். புகையிலைக்குப் பின் சவ்வு மிட்டாய்க் கம்பெனிகள் இவ்வழியைப் பிடித்தன. 1948 இல் முழுவதும் கூடைப்பந்து வீரர்களையே கொண்ட 72 சீட்டுகளின் வரிசை வந்தது. 1986 இல் ஃபிளீர் கம்பெனி 132 சீட்டுகளை வெளியிட்டது. அதில் உள்ள ஜோர்டன் சீட்டைத்தான் இன்று எல்லோரும் தேடுகின்றனர். நம் நாட்டிலும் 1980களின் பிற்பகுதியில் மிட்டாய் உறைக்குள் கிரிக்கெட்டு வீரர் படங்கள் வந்து, பிள்ளைகள் மிட்டாயை எறிந்துவிட்டுப் படத்தை வைத்துக்கொண்டதை நாம் கண்டோம்.

வேட்கையைத் தொழிற்சாலையில் உற்பத்தி செய்ய முடியுமா என்று கேட்பார்க்கு ஒரு சான்று கூறுவேன். 1933 இல் கௌடி என்னும் மிட்டாய்க் கம்பெனி 240 பேஸ்பால் சீட்டுகள் கொண்ட வரிசையை வெளியிட்டது. அவற்றுள் 106 ஆம் எண்ணுள்ள சீட்டை அது அச்சிடவே இல்லை. பிள்ளைகள் அதனைத் தேடித் தேடி மிட்டாய் வாங்கிக்கொண்டே இருந்தனர். மறு ஆண்டு, முறையிட்டுக் கடிதம் எழுதியவர்களுக்கு மட்டும் அச்சீட்டை அச்சிட்டு அனுப்பினர். இல்லாத ஒன்றைத் தேடும் தாகம் என்று நாம் உபதேசத்தில் சொல்வதை அக்கம்பெனி எண்ணிட்டு விற்றது!

மற்றொன்று. டாப்ஸ் கம்பெனி 1952 இல் வெளியிட்ட சீட்டுகளுள் விற்காமல் கிடங்கில் தங்கியவற்றை, 1960 இல் படகில் ஏற்றிச் சென்று அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டதாக அக்கம்பெனியின் அலுவலரே பின்னர்க் கூறினார். வாங்குவாரின்றி இனாமாகவும் கொள்வாரின்றிக் கடலுக்குப் போன அவ்வரிசையில் உள்ள மிக்கி மேன்டில் சீட்டு ஒன்று 2022 இல் 1 கோடியே 26 இலட்சம் டாலருக்கு விலை போயிற்று. காகிதம் அதே காகிதம். மை அதே மை. மாறியது மனிதர் மனம் ஒன்றே. அநித்தியத்தை விளக்க நாம் வாடிய மலரைக் காட்டுகிறோம். விலை ஏறுவதும் அநித்தியமே. ஏறுகின்றபோது எவரும் அவ்வாறு நினைப்பதில்லை.

இக்காலத்தில் சீட்டுகளை முத்திரையிட்ட உறையில் விற்கின்றனர். உள்ளே இருப்பது யாதெனத் தெரியாது. நூறு உறையில் ஒன்றில் அரியது இருக்கலாம். இதனை நான் சேர்த்தல் என்று சொல்லமாட்டேன், சூதாட்டம் என்பேன். சிங்காலனுக்குப் பகவன் உரைத்த இல்லற ஒழுக்கத்தில், செல்வம் அழியும் ஆறு வாயில்களுள் சூது ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது. இதை அந்த இளைஞரிடம் நேராகவே சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்து, "மாதம் ஒன்று என்று சொன்னது உறைக் கணக்கு ஐயா, சில மாதம் பத்தும் ஆகிவிடும்" என்றார். பெண்ணின் திருமணத்துக்கோ தாயின் மருந்துக்கோ வைத்த காசு அப்படிப் போகுமாயின் அது சீலக் கேடு. அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. அண்ணன் செலவிட்டது கஞ்சித் துளியும் இரவின் சில நாழிகையும்.

ஆறுதல் என்றேன். அது ஜெபர்சன் பர்டிக் என்பவரின் வரலாறு. 1900 இல் பிறந்தவர். நியூயார்க்கு மாநிலத்தில் சிரக்கியூஸ் நகரில் மின்கருவி செய்யும் தொழிற்சாலையில் உழைத்தவர். நம்மைப் போன்ற தொழிலாளி! மணம் செய்துகொள்ளாதவர், மூட்டுவாதத்தால் கைகால்கள் முடங்கி வந்தன. சிறு வயதில் சிகரெட்டு அட்டைகளைச் சேர்க்கத் தொடங்கியவர், வாழ்நாள் முழுதும் அச்சிட்ட அட்டைகளையும் விளம்பரப் படங்களையும் வாழ்த்துச் சீட்டுகளையும் சேர்த்தார். ஒவ்வொன்றையும் எவர் வெளியிட்டது, எந்த வரிசை என ஆராய்ந்து பெரிய அட்டவணை ஒன்றை உருவாக்கினார். 1909 முதல் 1911 வரை வெளிவந்த புகழ்பெற்ற புகையிலைச் சீட்டு வரிசையை உலகம் இன்றும் டி 206 என்று அழைப்பது அவர் இட்ட குறியீட்டினாலேயே.

மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட அச்சேகரத்தை அவர் விற்கவில்லை. 1947 முதல் நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து வந்தார். கொடுத்ததோடு நில்லாமல், 1959 இல் அந்நகரத்துக்கே குடிபெயர்ந்து, நாள்தோறும் அருங்காட்சியகம் சென்று, மடங்காத விரல்களால் ஒவ்வொன்றாகப் பெரிய ஏடுகளில் ஒட்டினார். 1963 ஜனவரியில் கடைசி ஏட்டை முடித்தார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். மார்ச்சில் இறந்தார். அவர் ஒட்டிய சீட்டுகளுள் சில இன்று தனித்தனியே பல இலட்சம் டாலர் பெறும்.

இவர் பௌத்தர் அல்லர். தானம் என்னும் சொல்லை எந்தப் பொருளில் அறிந்திருந்தாரோ, நான் சொல்லவியலாது. ஆனால் மண்வீடு கட்டிய பிள்ளை தானே எழுந்து விளையாட்டை முடிப்பது எவ்வாறிருக்கும் என்பதை இவரிடம் காண்கிறேன். அறுபது வயது கடந்தும் சேர்த்தார், அத்தனையையும் கைவிட்டார். கைவிடுவதற்காக வேண்டியே கடைசி நாள் வரை பேணினார். பேணுதல் வேறு, பிடித்தல் வேறு. திகஜாணு என்னும் இல்லறத்தாருக்கு உரைத்தபோது, உழைத்து ஈட்டியதைக் காத்தலையும் ஒரு நலமாகப் பகவன் கூறினார் என்பதை நம் பிரசாரகர்கள் ஏனோ விரைவாகக் கடந்துவிடுகிறோம். நானும் கடந்தவனே.

அண்ணனின் நோட்டுகளைப் பற்றி மற்றொன்றும் சொல்லவேண்டும்; இதனைப் பிற்காலத்திலேதான் உணர்ந்தேன். தீப்பெட்டி நம் நாட்டுக்கு முதலில் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. 1922 இல் சிவகாசியினின்று அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து, மறு ஆண்டு ஊரில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினர். அதன்பின் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் இத்தொழில் வீடுதோறும் பரவியது. குச்சி அடுக்குவதும், பெட்டி மடிப்பதும், படம் ஒட்டுவதும் வீட்டு வேலையாயின. வீட்டு வேலை என்றால் பிள்ளைகள் வேலை என்று பொருள். விடியற்காலையில் பேருந்து வந்து சிற்றூர்ப் பிள்ளைகளை உறக்கக் கலக்கத்தோடு ஏற்றிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. 1986 இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கிலேயே 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, சட்டத்தை மீறி வேலை வாங்கிய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் செலுத்தவேண்டும் என்றது.

அண்ணன் ஒருமுறை எனக்கு ஒரு நோட்டைத் திறந்து காட்டியது நினைவுக்கு வருகிறது. அது நான் ஆலையில் சேர்ந்து நாலைந்து ஆண்டில் இருக்கும். ஒரே படம், அடுத்தடுத்து எட்டு ஒட்டியிருந்தார். "ஒரே படத்தை எட்டு வைத்திருப்பானேன் அண்ணே?" என்றேன். "ஒரே படம் இல்லைடா தம்பி. இது நேராய் ஒட்டியிருக்கு, பெரியவங்க கை. இது கோணல், இதுல பாரு, பசையில சின்ன விரல் பதிஞ்சிருக்கு" என்றார். பசையின் பழுப்பில் அரிசி அளவே பெரிதான ரேகை இருந்தது. எந்தப் பிள்ளையின் விரலோ! நாடு முழுவதும் கிழித்து எறிந்த பெட்டிகளில் எத்தனை கோடி ரேகைகள் குப்பைக்குப் போயிருக்கும்? இவர் ஒருவர் அதனைக் கண்டார், எடுத்து வைத்தார். அந்த எட்டும் ஐந்தரைக் கிலோவில் அடங்கிப்போயின.

இதனைச் சொல்வதால், சேர்க்கும் பழக்கமே தியானம், சேர்ப்போரெல்லாம் ஞானியர் என்று கூற வரவில்லை. அவ்வாறு புகழ்ந்து பேசுவாரும் உளர். அதிலும் எனக்கு உடன்பாடில்லை. அண்ணனுக்கும் ஆசை இருந்தது. கப்பல் படம் ஒன்றைப் பழைய அச்சில் இருபதாண்டு தேடினார். பிறரிடம் அது இருப்பதைக் கேட்டால் முகம் வாடும். வேட்கை இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அவ்வேட்கைக்காக அவர் எவரையும் ஏமாற்றவில்லை, பொய் சொல்லவில்லை, வீட்டில் உலை கொதியாமல் விட்டதில்லை, ஆலைச் சம்பள நாளில் கள்ளுக்கடைப் பக்கம் திரும்பியதில்லை. ஒரு மனிதனிடம் உள்ள வேட்கைகளில் எதனை முதலில் தொடவேண்டும் என்று அறிபவனே உபதேசம் செய்யத் தக்கவன். மருத்துவர் எளிதில் எட்டும் உறுப்பை அறுப்பதில்லை. நோயுள்ள உறுப்பைத் தேடுகிறார். நான் எளிதில் எட்டியதை அறுத்தேன். அது அவரிடம் இருந்தவற்றில் மிகக் குறைந்த தீங்குள்ளது. ஒருவேளை மிக நல்லதும் அதுவே.

அண்ணி கூறியதைக் கேட்ட நாளிலேயே தோட்டத்துக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. பிரசாரகன் உபாசகரிடம் மன்னிப்புக் கேட்பதா என்ற நாணம். மூன்றாண்டு அந்நாணத்தையும் சேர்த்து வைத்திருந்தேன். 2017 இல் எனக்குக் காமாலை கண்டு படுத்திருந்தபோது அவர் கீழாநெல்லி பறித்துக்கொண்டு பார்க்க வந்தார். அப்போதுதான், "அண்ணே, உங்கள் நோட்டுகளை எடைக்குப் போட வைத்தது என் பிழை" என்றேன். அவர் கீழாநெல்லியின் வேரைக் கிள்ளிக்கொண்டே, "போனது போச்சு விடு தம்பி" என்றார். ஐந்தாண்டுக்கும் மேலாக வாராத 'தம்பி' அன்று வந்தது. சற்று நேரம் கழித்து, "அதுல ஒவ்வொண்ணும் எந்தப் பக்கத்துல இருந்துதுன்னு எனக்கு இன்னும் தெரியும். ராத்திரியில கண்ணை மூடிக்கிட்டுப் புரட்டுவேன்" என்றும் சொன்னார். பற்று நீங்காததன் அடையாளமா இது, அன்றிப் பொருளின்றியே நிறைவு கொள்ளப் பழகிவிட்ட மனத்தின் அடையாளமா? எட்டாண்டாக இக்கேள்வியை வைத்திருக்கிறேன். ஒருநாள் ஒன்று சரியெனத் தோன்றும், மறுநாள் மற்றொன்று.

சிவப்பு நோட்டு இப்போது சங்கத்தின் அலமாரியில் இருக்கிறது. புதிய பெயர்களைச் செயலாளர் எழுதுகிறார். நான் எண்ணிப் பார்ப்பதில்லை என்று சொல்ல ஆசைதான். மாதத்தில் ஓரிரு முறை பார்த்துவிடுகிறேன்.

பெங்களூர் இளைஞருக்கு நான் கூறிய விடை இவ்வளவே. முத்திரையிட்ட உறைகளை வாங்குவதை நிறுத்துக. கையில் உள்ள அறுநூறையும் விற்கவோ எறியவோ வேண்டா. எவரேனும் ஒரு சிறுவன் அவற்றுள் ஒன்றைக் கேட்டால், கொடுக்கும்போது நெஞ்சில் என்ன நிகழ்கிறது என்று பார்த்து, அதை எனக்கு வந்து சொல்லுக. அவர் நகைத்து, "எந்தச் சீட்டைக் கேட்பான் என்பதைப் பொறுத்தது ஐயா" என்றார். நேர்மையான பிள்ளை.

அடுத்த முறை ஊர் வரும்போது சீட்டுகளைக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அண்ணனிடமும் சொன்னேன். எழுபத்தேழு வயதாகிறது, கண் சிகிச்சை செய்துகொண்டபின் பார்வை தெளிவாயிருக்கிறது. தீப்பெட்டியின் விலை 2021 டிசம்பரில் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானபோது, பெட்டியின் படங்களும் மாறின என்று தாமாகவே சொல்லத் தொடங்கினார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு விடை கூறவில்லை. கூடைப்பந்துச் சீட்டுகள் எப்படி இருக்கும், அவற்றை எதில் வைத்திருக்கிறான், பசையா, பையா என்று விசாரித்தார். கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, நான் படியிறங்கும்போது திரும்பவும் அழைத்து, ஒரு மேசை போடச் சொல்லவேண்டும், அதுவும் காற்று வராத மூலையாகப் பார்த்துப் போடவேண்டும் என்றார்.